உள்தாழ்ப்பாள்

கதவு நிலைக்கு அளவெடுக்க வந்த தச்சர் மூன்றாம் முறையாக டேப்பை இழுத்து வைத்துப் பார்த்தபோது டெய்லரக்கா வாய்க்குக் கொண்டுபோன டீ டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டாள். இருபது வருடமாகத் துணி வெட்டுகிறவள் அவள். ஒருவன் ஒரே இடத்தை மூன்று தடவை அளந்தால் எங்கோ இடிக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னண்ணே, அளவு சரியாத்தானே இருக்கு?"

"அளவெல்லாம் சரிதாம்மா. முப்பத்திரண்டு அங்குலம். நீ எழுதிக் குடுத்ததும் முப்பத்திரண்டு, சுவத்துல இருக்கறதும் முப்பத்திரண்டு." தச்சர் டேப்பைச் சுருட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அந்த சக்கர நாற்காலி எவ்வளவு அகலம்னு சொன்னே?"

"வளையத்தோட இருபத்தாறு. உருட்டுற கைக்கு இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. மொத்தம் முப்பத்திரண்டு."

"அப்ப நிலைய எங்க வைக்கிறது?"

அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. குளியலறைக்கென்று விட்டிருந்த அந்தச் செங்கல் வாசலையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தச்சர் இரண்டு கைகளையும் வாசலின் இரு பக்கமும் வைத்துக் காட்டினார்.

"கட்டை ஒரு பக்கம் ரெண்டரை, இன்னொரு பக்கம் ரெண்டரை. அஞ்சு போச்சா? மிச்சம் இருபத்தேழு. கதவு வெளிப்பக்கம் முழுசா திறந்தாலும் இருபத்தேழுதான். வண்டி போகும். கை எங்க போகும்?"

டெய்லரக்கா கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த இடம் மணல் குவியல். டம்ளர் சாய்ந்து டீ முழுக்க மணலுக்குள் போனதை அவள் கவனிக்கவே இல்லை.

மறுநாள் காலை கூரை கான்கிரீட். தலைக்கு மேல் பலகை அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயாராக இருந்தது. வீட்டுக்குள் திரும்பின பக்கமெல்லாம் முட்டுக் கம்புகள். கலவை மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது. பதினாறு ஆட்கள் விடிகாலை வந்துவிடுவார்கள். இன்றைக்குப் பார்த்து அவளுடைய கணவரும் முதன்முதலாக வீட்டைப் பார்க்க வருகிறார். இன்னும் அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கிவிடுவார்.

அவர் டவுன் பஸ் டிரைவராக இருந்தவர். பதினெட்டு வருடம் பஸ்ஸில் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனிதர், நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் கூரையில் ஏறி யாரோ ஒருவரின் மூட்டைக்குத் தார்ப்பாய் கட்டப் போய் விழுந்தார். விழுந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். இடுப்புக்குக் கீழே அவருடையது என்று சொல்லிக்கொள்ளக் கால்கள் இருந்தனவே தவிர, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

வாடகை வீட்டில் கக்கூஸ் பின்கட்டில். இரண்டு படி இறங்கி, ஒடுக்கமான கதவு. அவருடைய சக்கர நாற்காலி வாசலோடு நின்றுவிடும். மனைவி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் கை கொடுத்துத் தூக்கி உள்ளே உட்கார வைப்பார்கள். நாற்காலி குறுக்கே நிற்பதால் கதவைச் சாத்த முடியாது. மகளுக்குப் பதினேழு வயது. அப்பாவை உட்கார வைத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று போனில் சத்தமாகப் பாட்டு வைத்துக்கொள்வாள். ஏன் அவ்வளவு சத்தம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பாட்டு ஓடும் வரைக்கும் மூன்று பேரும் அவரவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

சொந்தமாக வீடு கட்டுவது என்று முடிவானபோது அவள் கணவரிடம் கேட்டாள், "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க. மேஸ்திரிகிட்ட முதல்லயே சொல்லிரலாம்."

"எனக்கு என்ன. மழை ஒழுகாம இருந்தா சரி."

"அது எல்லாருக்கும் வேணும். உங்களுக்குன்னு கேட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் நாற்காலியின் வளையத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார். "நானே உருட்டிட்டுப் போய், நானே கதவச் சாத்தி, உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கணும். அது போதும்."

அந்த ஒரு தாழ்ப்பாளுக்காகத்தான் இந்த வீடு என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் ஒரு நாள், தெருவில் ஆள் நடமாட்டம் வருவதற்குள், அவள் தையல் சாக்கட்டி டப்பாவோடு இறங்கினாள். மொத்த வீட்டையும் வாடகை வீட்டு வாசலில், தார் ரோட்டின் மேல், உள்ள அளவுக்கே வரைந்தாள். கூடம், அடுப்படி, படுக்கையறை, குளியலறை. அவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தார். திருப்பங்களில் வாயாலேயே ஹாரன் அடித்தார். கடைசியில் குளியலறைக் கோட்டுக்குள் நுழைந்து, இல்லாத கதவை இழுத்துச் சாத்தி, நாக்கை அண்ணத்தில் தட்டி 'டக்' என்று ஒரு சத்தம் போட்டார்.

"பாத்தியா, கோட்டத் தொடவே இல்ல."

அவள் தன் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து 32 என்று எழுதி மேஸ்திரியிடம் கொடுத்தாள். சாக்கட்டிக் கோட்டுக்குக் கனம் கிடையாது என்பது அன்றைக்கு அவள் புத்தியில் ஏறவில்லை.

ஆட்டோ வந்தது. சரிவுப்பாதை அவள் கேட்டபடியே அமைந்திருந்தது. யாரையும் தொடவிடாமல் அவரே ஒரே மூச்சில் உருட்டிக்கொண்டு மேலே ஏறினார். வாசலைத் தாண்டி உள்ளே வந்து நின்று, மூச்சு வாங்க, மேலே கம்பி வேலையை அண்ணாந்து பார்த்தார்.

"ஏய், நெசமாவே வீடு மாதிரி இருக்கே."

"பின்ன எது மாதிரி இருக்கும்?" என்றாள் அவள். குரல் அவளுக்கே சரியாகப் படவில்லை.

முட்டுக் கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து அவர் நேராகக் குளியலறைப் பக்கம் போனார். சொல்லிவிடலாமா, நாளைக்குச் சொல்லலாமா என்று அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் நின்ற தச்சரின் முகத்தை அவர் படித்துவிட்டார். பஸ் டிரைவருக்குக் கண்ணாடியில் பார்த்தே பின்னால் நிற்கிறவன் டிக்கெட் எடுத்தானா இல்லையா என்று தெரியும்.

"என்ன பிரச்சினை?"

தச்சர் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். டிரைவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "ரெண்டு கட்டைய நிறுத்திக் காட்டுங்க" என்றார்.

தச்சர் ஒரு பக்கமும், டெய்லரக்கா ஒரு பக்கமும் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிரைவர் உருட்டினார். முன்சக்கரம் போனது. கை போகும் இடம் வந்ததும் வலது கையின் விரல் முட்டி கட்டையில் உரசியது. பின்னால் இழுத்து, கொஞ்சம் நேராக்கி, மறுபடி வந்தார். இந்தத் தடவை இரண்டு கையும் உரசின. தோல் வழன்று ஒரு விரலில் ரத்தம் துளிர்த்தது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"தள்ளு," என்றார் மனைவியிடம்.

அவள் கட்டையை விட்டுவிட்டுப் பின்னால் போய்த் தள்ளினாள். நாற்காலி உள்ளே போய்விட்டது. அவர் பூசாத செங்கல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பி வரவும் ஒருத்தர் இழுக்க வேண்டும்.

"பரவாயில்ல. தள்ளினா போகுதுல்ல."

அவள் கீழே விழுந்த கட்டையை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். தப்பு தன்னுடையது என்று நினைத்தாள். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் அளவு பிசகாமல் தைக்கிறவள், கட்டின புருஷனுக்கு ஒரு வாசல் அளவு சொல்லத் தெரியாமல் போனோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேஸ்திரி சிமெண்டு மூட்டை ஏற்றிய மொபெட்டில் வந்து சேர்ந்தார். ஊரில் அவருக்குத் தூக்குக்குண்டு என்று பெயர். அவர் கட்டிய சுவர் ஒரு நூல் சாயாது என்பதால் வைத்த பெயர். அவரும் யாருக்காகவும் ஒரு நூல் சாயமாட்டார் என்பதாலும்தான்.

"முப்பத்திரண்டுன்னு எழுதிக் குடுத்தது யாரு?" சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். இத்தனை மாதமும் பத்திரமாக வைத்திருந்தார். "பாரு. உன் கையெழுத்துதானே? சாதாரணமா பாத்ரூம் கதவு முப்பதுதான் போடுவோம். நீ ரெண்டு கூடக் கேட்டே. போட்டேன்."

"நான் கேட்டது உள்ள போற அளவுண்ணே."

"கதவு அளவுன்னா நிலைக்கு வெளிப்பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கம். உலகத்துல எந்த மேஸ்திரிய வேணா கேளு."

"நாங்க அளவுன்னு எழுதினா அது உடம்பு அளவுண்ணே. தையலுக்கு எவ்வளவு விடணும்னு வெட்டுறவங்க பாத்து விட்டுக்குவாங்க. நீங்களும் அப்படித்தான் விட்டுக்குவீங்கன்னு நெனச்சேன்."

"இது ஜாக்கெட் இல்லம்மா, பிரிச்சுத் தைக்கிறதுக்கு."

கம்பி கட்டுகிற ஆட்கள் மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். மேஸ்திரி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சரி, ஒண்ணும் குடி முழுகிப் போகல," என்றார் மேஸ்திரி குரலை இறக்கி. "நிலையே வேணாம். ஓரத்த நல்லாப் பூசி விட்டுடறேன். ஒரு திரை தச்சு மாட்டிக்க. நீயே டெய்லர். கையும் இடிக்காது, அவர் பாட்டுக்குப் போய் வரலாம்."

"திரைக்குத் தாழ்ப்பாள் எங்கண்ணே போடுறது?"

"வீட்டு ஆளுங்கதானே, தாழ்ப்பாள் எதுக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மகளின் போன் பாட்டையெல்லாம் சொல்ல வேண்டும். அவள் தச்சரைப் பார்த்தாள். "தள்ளுகதவு?"

"ஒரு பக்கம் மூலை, ஒரு பக்கம் அடுப்படி வாசல். கதவு எங்க ஒதுங்கும்? உடைச்சுப் பெருசாக்கறதுதான் வழி. முப்பத்தொன்பதாவது வேணும்."

"உடைக்கிறதா?" மேஸ்திரி அவர் பக்கம் திரும்பினார். "நீ மரத்த மட்டும் பாரு. வாசலுக்கு மேல கான்கிரீட்டுல லிண்டல் போட்டிருக்கு, கண்ணு தெரியுதா? சுவத்த உடைச்சா லிண்டலுக்குத் தாங்கல் பத்தாது. அதையும் உடைச்சு, நீளமாப் போட்டு, அது இறுகணும். நாளைக்குக் கான்கிரீட். நிறுத்தினா மெஷினும் ஆளும் அடுத்த சைட்டுக்குப் போயிரும். மறுபடி மூணு வாரம். அதுக்குள்ள மழை பிடிச்சுக்கும். பிடிச்சா எப்ப விடும்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது."

"கூரை போட்டுட்டு அப்புறமா உடைக்க முடியாதாண்ணே?"

"கூரை ஏறினப்புறம் அந்தச் சுவத்துல நான் கை வைக்க மாட்டேன். வேற யாரையும் வைக்கவும் விடமாட்டேன். பாரம் தாங்குற சுவரு அது."

வெளியே காற்று கிளம்பி சிமெண்டுச் சாக்குகளைப் புரட்டியது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவள் மனதுக்குள் நாட்களை எண்ணினாள். வாடகை வீட்டுக்காரர் இரண்டு மாதம் கெடு கொடுத்திருந்தார். அவர் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும். நாளைக்குக் கூரை ஏறினால்தான் அந்தக் கெடுவுக்குள் பூச்சாவது முடித்துக் குடிவர முடியும். தள்ளிப்போனால் அவளுடைய தையல் கடைதான் கதி. பத்துக்குப் பத்து அறை, நடுவில் வெட்டுமேசை. அங்கே கக்கூஸே கிடையாது. அவருக்கு வாளிதான்.

"சட்டுனு சொல்லும்மா. மெஷின்காரனுக்கு இப்பவே சொல்லணும்."

"நாளைக்கே போட்டுடுங்க மேஸ்திரி," குளியலறைக்குள்ளிருந்து டிரைவரின் குரல் வந்தது. முகம் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. "பரவாயில்ல. பழகின கழுதைதானே. இவ தள்ளிவிட்டா போதும்."

டெய்லரக்கா உள்ளே போனாள். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்து அவருக்கு முன்னால் குந்தினாள்.

"மூணு வருஷமா இந்தப் பரவாயில்லயக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சுங்க. சோத்துல உப்பில்லையா, பரவாயில்ல. ஊசி போட்ட எடம் வலிக்குதா, பரவாயில்ல. நானும் சரின்னு விட்டுட்டேன். எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. இப்ப அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க. நெலவரத்தச் சொல்றேன், கேட்டுக்குங்க. இத உடைச்சா நாம கெடுவுக்குள்ள குடிவர முடியாது. கடையிலதான் இருக்கணும். ஒரு மாசமோ, கூடவோ. அங்க வாளிதான். ரோட்டுல போறவன் வர்றவன் இருப்பான். நானும் மகளும்தான் எடுத்துப் போடணும். இப்ப இருக்கறத விட மோசம். உடைக்கலன்னா நல்லபடியா வந்துடலாம். ஆனா கடைசி வரைக்கும் யாராவது தள்ளணும். நான் முடிவு பண்ண மாட்டேன். நீங்கதான் பட்டாகணும், நீங்க சொல்லுங்க. வேணுமா, வேணாமா?"

அவர் விரலில் காய்ந்த ரத்தத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே மேஸ்திரி செருமினார். மேலே கம்பிகளின் மீது நடந்தவர்கள் நடப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

"வேணும்," என்றார்.

அவ்வளவு மெல்லச் சொன்னார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

மேஸ்திரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அப்படின்னா வேற ஆளப் பாத்துக்கங்க. முப்பது வருஷத்துல நான் போட்ட கான்கிரீட்ட நானே உடைச்சதில்ல. ஆளுங்க முன்னாடி அதச் செய்யச் சொன்னா எனக்கு வராது." பில் தாளை மடித்து மறுபடியும் பையில் வைத்துக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார். நாளைக்கு மெஷின் வருமா வராதா என்று கேட்கக்கூட அவர் இடம் வைக்கவில்லை.

டெய்லரக்காவுக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. மழை லேசாகத் தூறிவிட்டு நின்றது. நாளை மெஷின் வந்து இறங்கி, பதினாறு பேரும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வது, குறுக்கே படுத்துக்கொள்வதா. மேஸ்திரி ஒரேயடியாகக் கைகழுவிவிட்டால் பாதி கட்டின வீட்டை எந்த மேஸ்திரி தொடுவான். வேணும் என்று அவரைச் சொல்ல வைத்துவிட்டு அதைச் செய்து கொடுக்க முடியாமல் போனால், அப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவரை எதையாவது கேட்பது. இந்தக் கடைசி யோசனைதான் அவளை அதிகம் வாட்டியது.

விடிந்ததும் விடியாததுமாக அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டது. மெஷின் சத்தம் இல்லை. ஒற்றைச் சம்மட்டி. விட்டு விட்டு விழுந்தது.

உள்ளே குளியலறைப் பக்கம் முட்டுக் கம்புகள் பிரிக்கப்பட்டு ஓரமாகச் சாய்ந்திருந்தன. மேஸ்திரி பனியனோடு நின்றார். ஆள் யாரும் இல்லை. லிண்டலில் முக்கால்வாசி உடைந்து கீழே கிடந்தது. கம்பி மட்டும் வெளியே வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. தலைமுடி, புருவம், மீசையெல்லாம் சிமெண்டுத் தூசி.

அவள் வந்ததைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு அடி போட்டுவிட்டுத்தான் சம்மட்டியைச் சாய்த்தார்.

"மெஷின வேணாம்னுட்டேன். நம்ம ஆளுங்கள நாலு நாள் கழிச்சு வரச் சொல்லியிருக்கேன். உடைச்ச தடம் இருக்கக்கூடாது. அவங்க கேட்டா மொதல்லேர்ந்தே இப்படித்தான்னு சொல்லு."

"சொல்றேண்ணே. பில் தாளு?"

"அது என்கிட்டயே இருக்கட்டும்." சுவரைக் கையால் தட்டினார். "சாக்கட்டி வெச்சிருப்பியே, எடு. எது வரைக்கும் உடைக்கணும்னு நீயே கோடு போடு. இந்தத் தடவ உன் அளவு வேணாம், என் அளவும் வேணாம். முப்பத்தொன்பது. ரெண்டு பேரும் நின்னு பாப்போம்."

ஜாக்கெட் மடிப்பிலிருந்து சாக்கட்டியை எடுத்து அவள் டேப் வைத்துச் செங்கல் மேல் கோடு கிழித்தாள். செங்கல் இடுக்கில் சாக்கட்டி இடறியதில் கோடு ஓர் இடத்தில் நெளிந்தது. மேஸ்திரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்து, நெளிந்த இடத்தை விரலால் அழித்து நேராக்கினார். உளியைக் கோட்டில் வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"வெளியிலண்ணே. எப்பவும் கோட்டுக்கு வெளியிலதான் வெட்டணும்."

மேஸ்திரி சொன்ன மூன்று வாரம் மழையோடு சேர்ந்து ஐந்து வாரமாயிற்று. கடையில் அவர்கள் இருந்தது நாற்பத்தாறு நாள். அந்த நாட்களைப் பற்றி அவர்கள் பிற்பாடு பேசிக்கொள்வதில்லை. வெட்டுமேசைக்கு அடியில் மகள் படுத்தாள். வாளி வைக்கும்போது ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். வாடிக்கைக்காரப் பெண்கள் குனிந்து பார்த்து, "கடை இருக்கா அக்கா?" என்பார்கள். மகள் பாட்டை இன்னும் சத்தமாக வைப்பாள். இரண்டு தடவை அவர் கோபத்தில் வாளியைக் கையால் தள்ளிவிட்டார். ஒரு தடவை அவள், ஏன்தான் கேட்டோமோ என்று தையல் மெஷினில் தலையை வைத்து அழுதாள். ஆனால் பரவாயில்லை என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. வலிக்குது என்றார், நாத்தமா இருக்கு என்றார், இன்னும் எத்தன நாள் என்றார். கேட்கிறபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தாலும், அது மேல் என்றுதான் இருந்தது.

குளியலறைக் கதவு மாட்டிய அன்று தச்சர் தாழ்ப்பாளைக் கீழிறக்கி, உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் முடுக்கினார். மேஸ்திரியும் வந்திருந்தார். கதவைப் பார்க்க வரவில்லை, மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார்.

டிரைவர் கூடத்திலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். வாசலருகே ஒரு கணம் நின்றார். வாயால் ஒரு ஹாரன் அடித்துவிட்டு நுழைந்தார். இரண்டு பக்கமும் கைக்கும் கட்டைக்கும் நடுவில் இடம் இருந்தது. உள்ளே போய் நாற்காலியைத் திருப்பி, கதவை இழுத்துச் சாத்தினார். பழக்க தோஷத்தில் மகள் போனை எடுத்துப் பாட்டு வைத்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மகள் பாட்டை நிறுத்தினாள்.

மேஸ்திரி மோட்டாரைப் பார்க்கிறேன் என்று பின்பக்கம் போய்விட்டார். தச்சர் திருப்புளியைத் துடைத்துப் பைக்குள் போட்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. தண்ணீர் விழுகிற சத்தம்கூட இல்லை. கூப்பிடக் கூடாது, கூப்பிடக் கூடாது என்று டெய்லரக்கா தன்னையே அடக்கிக்கொண்டு நின்றாள். கால் மணி நேரம் போனபின் அவளால் முடியவில்லை. கதவுக்கு வாயைக் கிட்டே கொண்டுபோனாள்.

"ஏங்க, உள்ள என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல," என்றார் அவர். "சும்மா உக்காந்திருக்கேன். நீ போய் உன் வேலையப் பாரு."